அந்த உள்ளான் சைபீரியாவிலிருந்துதான் வந்ததா?

தை மாதம். திருத்தணிக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரை. தண்ணீர் உள்வாங்க ஆரம்பித்திருந்த சேற்று ஓரத்தில் இருபது முப்பது உள்ளான்கள் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்தன. நான் பைனாகுலரோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"இன்னா சார் பாக்கறீங்க?"

"உள்ளான் ஐயா."

"வருசா வருசம் வருது. எங்கேர்ந்து வருது?"

"சைபீரியாவுலேர்ந்து."

"அப்டியா. யாரு பாத்தா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. "கால்ல வளையம் மாட்டி விடுவாங்க ஐயா, அதை வெச்சு..." என்று ஆரம்பித்தேன். அவர் மாடு வரப்பைத் தாண்டிவிட்டதால் போய்விட்டார். கேள்வி மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்தது.

பறவைகளுக்கு வளையம் போடுவது பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைக் கொஞ்சம் படித்தவன் நான். பெரும்பாலும் ஒரே அச்சு. விஞ்ஞானி வலை விரிப்பார், பறவை மாட்டும், காலில் வளையம் போட்டுப் பறக்க விடுவார். பல ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி அது இன்னொருவர் கையில் கிடைக்கும், மர்மம் விலகும். கடைசியில் 'பறவைகளுக்கு எல்லை இல்லை' என்று ஒரு வரி. இந்தக் கதையில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் பெரியவரின் கேள்விக்கு அதில் பதிலும் கிடையாது. யார் பார்த்தது? பார்த்தவர் ஏன் சொன்னார்? பார்த்தும் சொல்லாமல் விட்டவர் எத்தனை பேர்? இந்தக் குறிப்பு அந்த மூன்று கேள்விகளைப் பற்றியது.

முதல் கதையே சந்தேகத்துக்குரியது

வளையமிடுதலின் வரலாறு என்று எடுத்தால் பலரும் அமெரிக்க ஓவியர் ஆடுபானிடம் தொடங்குவார்கள். 1804இல் ஃபீபி என்ற சின்னக் குருவியின் குஞ்சுகள் காலில் வெள்ளி இழை கட்டினார், அடுத்த வசந்தத்தில் அதில் இரண்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்ததைக் கண்டார் என்பது கதை. அழகான கதைதான். ஆனால் 2018இல் மேத்யூ ஹேலி என்ற ஆய்வாளர் தேதிகளை ஒப்பிட்டுப் பார்த்தார். குருவிகள் திரும்பி வந்ததாகச் சொல்லப்படும் 1805 வசந்தத்தில் ஆடுபான் அமெரிக்காவிலேயே இல்லை, பிரான்சுக்குப் போயிருந்தார். ஒரு துறை தன் பிறப்புக் கதையாக இருநூறு வருஷம் சொல்லி வந்த சம்பவத்துக்கு, சொன்னவரின் வாய்வார்த்தை தவிர வேறு சாட்சி இல்லை.

முறையான வேலை டென்மார்க்கில் தொடங்கியது. 1899இல் வீபோர் ஊரின் பள்ளி ஆசிரியர் ஹான்ஸ் மார்டென்சன் 165 மைனா இனப் பறவைகளுக்கு அலுமினிய வளையம் மாட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு எண், கூடவே திருப்பித் தெரிவிக்க வேண்டிய இடம். இன்றைக்கும் வளையம் என்றால் இந்த இரண்டும்தான். அந்த 'இடம்' என்ற பகுதியைக் கவனியுங்கள். எண் விஞ்ஞானிக்கு உரியது. முகவரி முன்பின் தெரியாத யாரோ ஒருவருக்கு எழுதப்பட்ட கடிதம். அந்த யாரோ பதில் போட்டால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

இந்த இடத்தில் நம்மவர்கள் செங்கால் நாரையைத் தூது விட்ட சத்திமுத்தப் புலவரை இழுத்துவந்து, 'அப்பவே நமக்குத் தெரியும்' என்பார்கள். தெற்கே வந்த நாரை வடக்கே திரும்பிப் போகும் என்று அவர் கவனித்திருந்தார், சரிதான். அது நல்ல கண்காணிப்பு. ஆனால் 'நாரைகள் வடக்கே போகின்றன' என்று சொல்வது வேறு, 'இந்த நாரை இந்த ஊரிலிருந்து வந்தது' என்று சொல்வது வேறு. ஜெர்மனியில் குஞ்சாக இருந்தபோது வளையம் போடப்பட்ட ஒரு செங்கால் நாரை ராஜஸ்தானின் பிகானேரில் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் இரண்டாவது வகை வாக்கியத்தைச் சொல்ல முடிந்தது. வளையம் செய்யும் வேலை இதுதான். கூட்டத்தில் ஒன்றாக இருந்ததை ஒரு தனி உயிராக ஆக்குகிறது.

இந்தியாவில் யாருக்காக இந்தக் கேள்வி?

இந்தியாவில் வளையமிடுதல் 1920களின் பின்பாதியில், மத்திய இந்தியாவின் தார் சமஸ்தானத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் முயற்சியோடு ஆரம்பித்தது. ஆனால் பெரிய அளவில் நடந்தது 1959க்குப் பிறகு. நம் கட்டுரைகள் இங்கே சாலிம் அலி பெயரைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். ஏன் 1959 என்று கேட்காது.

1957இல் கர்நாடகாவின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. கிருமியை ஆராய்ந்தபோது அது ரஷ்யாவின் ஓம்ஸ்க் பகுதிக் காய்ச்சல் கிருமிக்கு உறவு என்று தெரிந்தது. உண்ணிகளைச் சுமந்துகொண்டு வலசைப் பறவைகள்தான் வடக்கிலிருந்து கொண்டுவந்தனவோ என்று சந்தேகம். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க உலக சுகாதார நிறுவனம் உதவ, கழகம் பறவைகளைப் பிடித்து வளையம் போட ஆரம்பித்தது. பிறகு 1960களில் அமெரிக்க ராணுவப் பணத்தில் ஆசியா முழுக்க நடந்த பறவை நோய் ஆய்வுத் திட்டமும் சேர்ந்துகொண்டது. 1970களின் நடுவில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு, வெளிநாட்டுக் கூட்டு ஆய்வுகளை விசாரித்தபோது இதையும் எடுத்துக் கடுமையாகக் கேள்வி கேட்டது. நோய்க்கிருமி எந்தப் பறவை வழியாக எங்கே போகும் என்ற விவரம் போர் ஆயுதத்துக்கும் உதவுமே என்பது கவலை.

காய்ச்சலைப் பறவைகள் கொண்டுவந்தன என்பது நிரூபணம் ஆகவில்லை. கிருமி அந்தக் காட்டு உண்ணிகளிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் போட்ட வளையங்கள் வேறு பல விஷயங்களைச் சொல்லின. தப்பான சந்தேகத்துக்கு வந்த பணத்தில் சரியான அறிவு கிடைத்திருக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெறும் 'இயற்கை மீதான ஆர்வம்' என்று மட்டும் சொல்லி மீதியை மறைப்பதில்தான் எனக்குக் குறை. வளையத்துக்குப் பின்னால் அரசு, பணம், பயம் எல்லாம் இருந்தன. அது தெரியாத வாசகருக்கு, இன்றைக்கு ஒரு காவல் நிலையத்தில் வளையம் மாட்டிய புறாவை ஏன் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்பதும் புரியாது.

வரைபடத்தில் வெற்றிடம்

இப்போது பெரியவருக்கு நான் சொன்ன 'சைபீரியா'வுக்கு வருவோம்.

ஒரு சின்னப் பறவைக்கு வளையம் போட்டால் அது வேறொரு இடத்தில் கிடைத்துத் தகவல் வருவதற்கான வாய்ப்பு, நூற்றுக்கு ஒன்றுகூடக் கிடையாது. வாத்து போன்ற வேட்டைப் பறவைகளுக்கு இது கூடுதல். ஏன்? சுடுகிறார்கள். சுட்டவர் கையில் வளையம் கிடைக்கிறது. பரத்பூர் மாதிரி இடங்களில் வளையம் போட்ட வாத்துகளைப் பற்றி நிறையத் தகவல் சோவியத் நாட்டிலிருந்து வந்தது. அங்கே வாத்து வேட்டை சட்டப்படி நடந்தது, வளையங்களை வாங்கிப் பதிவு செய்ய மாஸ்கோவில் ஒரு மையமும் இருந்தது. வேட்டைக்காரர் அனுப்பினார், மையம் பம்பாய்க்கு எழுதியது.

அப்படியானால் நம் வரைபடத்தில் சைபீரியா தடித்த எழுத்தில் இருப்பதற்குக் காரணம் பறவை மட்டும் இல்லை. அங்கே துப்பாக்கியும் தபால் நிலையமும் இருந்தன. திபெத் பீடபூமியிலோ ஆப்கன் மலைகளிலோ புள்ளி குறைவாக இருந்தால், பறவை அங்கே இறங்கவில்லை என்று அர்த்தம் ஆகாது. இறங்கிய பறவையின் காலைப் பார்த்து, படித்து, எழுதிப்போட ஆள் இல்லை என்றும் இருக்கலாம். வளையத் தகவல்களால் வரைந்த வரைபடம் பாதி பறவைகளின் வரைபடம், மீதி கடிதம் எழுதிய மனிதர்களின் வரைபடம். துறைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கணக்குப் போடும்போது சரிசெய்யவும் பார்ப்பார்கள். நமக்குச் சொல்லும்போதுதான் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. வளையம் இரண்டு புள்ளிகளைத்தான் தரும்: போட்ட இடம், கிடைத்த இடம். நடுவில் நாம் இழுக்கும் கோடு நம்முடையது. வாத்து அந்தக் கோட்டில் பறந்ததா, சுற்றிப் போனதா, நடுவில் ஒரு மாதம் எங்காவது தங்கியதா என்று வளையத்துக்குத் தெரியாது.

கோடியக்கரை சொல்லும் பாடம்

வளையம் என்றாலே தூரம் என்று நினைத்துக்கொள்வதும் இந்தக் கட்டுரைகளின் இன்னொரு குறை. உண்மையில் அதிகம் கற்றுக்கொடுப்பது தூரமே போகாத தகவல்தான். கோடியக்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் சரணாலயம் ஆன இடம், 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே கழகம் பல பத்தாண்டுகளாக வளையம் போட்டு வருகிறது. எஸ். பாலச்சந்திரன் அந்த வேலையோடு சேர்ந்தே அறியப்படும் விஞ்ஞானி.

அங்கே நடப்பதை இப்படிப் புரிந்துகொள்ளலாம். மிஸ்ட் நெட் எனப்படும் மெல்லிய நைலான் வலையில் விடியற்காலையிலோ இரவிலோ உள்ளான் மாட்டுகிறது. மெதுவாகப் பிரித்து எடுத்துத் துணிப்பையில் போடுகிறார்கள். காலின் தடிமனுக்கு ஏற்ற வளையம் தேர்ந்தெடுத்துக் குறடால் மூடுகிறார்கள். இறக்கை நீளம், அலகு நீளம், எடை, எந்த இறகு புதிது, எது பழசு, எல்லாம் நோட்டில் ஏறுகிறது. பிறகு விடுகிறார்கள். அடுத்த வருஷம் அதே பறவை அதே உப்பளத்தில் திரும்ப மாட்டுகிறது. தூரம் என்று பார்த்தால் பூஜ்யம். ஆனால் எவ்வளவு செய்தி! இந்தச் சின்ன உயிர் எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் போய்விட்டு இதே சேற்றுக்கு வந்திருக்கிறது. போன வருஷம் கிளம்பும் முன் எவ்வளவு கொழுப்பு ஏற்றியிருந்தது, இந்த வருஷம் எவ்வளவு? எடை ஏறவில்லை என்றால் சேற்றில் தீனி இல்லை என்று பொருள். ஒரு சதுப்பு நிலம் கெட்டுக்கொண்டிருப்பதை, செய்தித்தாளுக்கு முன்னால் பறவையின் எடை சொல்லிவிடும்.

சரி, வலையை விரித்தது யார்? இந்தக் கதைகளில் பெரும்பாலும் இடம் கிடைக்காதவர்கள் இவர்கள்தான். கழகத்தின் முகாம்களில் பறவை பிடித்துக் கொடுத்தவர்கள் பலர் பீகாரின் மிர்ஷிகார் சமூகத்தவர், பரம்பரையாகப் பறவை பிடிக்கும் தொழில்காரர்கள். எந்தப் பறவை எந்த நேரத்தில் எந்தப் பக்கமிருந்து இறங்கும், குரலை எப்படிப் போலி செய்து அழைப்பது, இறக்கை ஒடியாமல் எப்படி எடுப்பது என்பதெல்லாம் அவர்கள் கைவேலை. அவர்களில் அலி உசேன் என்பவர் பறவை ஆர்வலர்களுக்குத் தெரிந்த பெயர். மற்றவர்கள் 'பிடிப்பவர்கள்' என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள்.

நம்ம ஊர்க் குருவிக்காரர்

இதைப் படித்தபோது எனக்குத் திருத்தணிதான் ஞாபகம் வந்தது. கிருத்திகைக்கு மலையடிவாரத்துக்கு வந்தவர்கள் நரிக்குறவர்களைப் பார்த்திருப்பீர்கள், ஊசிமணி பாசிமணி விற்றுக்கொண்டு. அவர்களுக்கு இன்னொரு பெயர் குருவிக்காரர். தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் 2023இல் அவர்களைச் சேர்த்தபோது சட்டத்தில் வந்த பெயரே 'நரிக்கொரவன், குருவிக்காரன்' என்பதுதான். குருவி பிடித்து, கௌதாரி சுட்டு வாழ்ந்தவர்கள். 1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தத் தொழில் குற்றமாகிவிட்டது.

சட்டம் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. சட்டம் வராமல் இருந்திருந்தால் பல ஏரிகளில் இன்றைக்கு எண்ண எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் வளையத்தின் கண்ணோட்டத்தில் இதை யோசித்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தின் ஏரிகளில் பறவையின் காலைக் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் யார்? மீனவர், மாடு மேய்ப்பவர், குருவிக்காரர். அவர்களில் ஒருவருக்கு வளையம் கிடைக்கிறது. அதில் பம்பாய் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. படிக்கத் தெரியாவிட்டால் அது ஒரு தகர வளையம். படித்துச் சொல்ல ஆள் கிடைத்தால் இன்னும் மோசம்: 'இந்தப் பறவை உன் கையில் எப்படி வந்தது?' என்ற கேள்வி வரும். தகவல் சொல்வது தன்மேல் தானே புகார் கொடுப்பது மாதிரி. வளையம் குட்டையில் போய் விழும். ஆய்வாளரின் ஏட்டில் அந்தப் பறவை 'தகவல் இல்லை' என்றே இருக்கும்.

போலீஸ் பயம் கற்பனை இல்லை. 2023 மே மாதம் மும்பையில் காலில் வளையமும் இறக்கையில் சீன எழுத்தும் இருந்த ஒரு புறா பிடிபட்டது. உளவு வேலை என்று சந்தேகம். எட்டு மாதம் காவலில் இருந்து 2024 ஜனவரியில் விடுதலை ஆனது. பந்தயத்துக்காக வளர்க்கப்பட்ட தைவான் புறா அது. சென்னைப் பக்கம் புறாப் பந்தயம் நன்றாகவே நடக்கிறது, அதனால் நம் ஊரில் வளையத்தோடு மாட்டுவது பெரும்பாலும் பந்தயப் புறாவாகத்தான் இருக்கும். அடையாளம் எளிது. பந்தயப் புறாவின் வளையம் இணைப்பே இல்லாத முழு வட்டம், குஞ்சாக இருக்கும்போதே விரல்கள் வழியாக ஏற்றிவிடுவார்கள். காட்டுப் பறவையின் வளையத்தில் குறடால் மூடிய இணைப்பு தெரியும்.

'பறவைகளுக்கு எல்லை இல்லை' என்ற வரிமீதும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பறவைக்கு இல்லாமல் இருக்கலாம், அதைப் பற்றிய தகவலுக்கு உண்டு. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். 1959இல் இந்த ஏரியில் ஒரு வளையம் கிடைத்திருந்தால் ஏட்டில் ஆந்திரம், இரண்டு வருஷம் கழித்துக் கிடைத்திருந்தால் சென்னை மாநிலம். உள்ளான் ஒரு அடி நகரவில்லை. இதே மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், மீதி நம் பக்கம். பூநாரை காலையில் அந்தப் பக்கம் மேய்ந்துவிட்டு மாலையில் இந்தப் பக்கம் நிற்கும். அதைப் பிடித்து வளையம் போட வேண்டுமானால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வனத்துறை, தனித்தனி அனுமதி.

வளையம் பறவைக்கு என்ன செய்கிறது?

இதைக் கேட்காமல் விமர்சனம் முழுமையாகாது. 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை வலையில் பிடித்த பதிவுகளை அலசியது. காயம் 0.59 சதவீதம், சாவு 0.23 சதவீதம். குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. பயிற்சி பெற்ற கைகளின் கணக்கு இது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இதைவிடக் கடுமையான பாடம் பென்குயினிடமிருந்து வந்தது. பென்குயினின் கால் வளையத்துக்குத் தோதாக இல்லை என்று துடுப்பு இறக்கையில் பட்டை மாட்டினார்கள். 2011இல் வெளியான பத்தாண்டு ஆய்வில், பட்டை மாட்டிய ராஜ பென்குயின்கள் மாட்டாதவற்றைவிட 16 சதவீதம் குறைவாகப் பிழைத்ததும், 39 சதவீதம் குறைவாகக் குஞ்சு பொரித்ததும் தெரியவந்தது. அந்தப் பட்டைகளை வைத்துப் பருவநிலை மாற்றம் பற்றி எழுதிய முடிவுகளையும் மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று. அளக்கிற கோலே அளக்கப்படுவதை மாற்றிவிட்டது. இதைத் துறைக்காரர்களே கண்டுபிடித்து வெளியிட்டார்கள் என்பதுதான் இந்தத் துறைமீது எனக்கு நம்பிக்கை தருகிறது.

"இப்ப சேட்டிலைட் வந்துடுச்சே, வளையம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. 2022இல் ஒரு இளம் பட்டைவால் மூக்கான் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டர் நிற்காமல் 11 நாளில் பறந்ததைக் கருவிதான் காட்டியது, வளையத்தால் முடியாது. ஆனால் கருவி விலை அதிகம், சில பறவைகளுக்குத்தான் மாட்ட முடியும், ரொம்பச் சின்னவை சுமக்கவும் முடியாது, கருவியின் ஆயுளும் குறைவு. மிட்வே தீவில் 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் ஒரு ஆல்பட்ராஸ் காலில் வளையம் போட்டார். 2002இல் அதே பறவையை அவரே மறுபடி கையில் எடுத்தார். விஸ்டம் என்று பெயர் வைத்தார்கள். 2024 கடைசியில், குறைந்தது 74 வயதில், அது மறுபடியும் முட்டை இட்டது. காட்டுப் பறவை இவ்வளவு நாள் வாழும் என்பதை எந்தச் செயற்கைக்கோளும் சொல்லவில்லை. தேய்ந்தபோதெல்லாம் மாற்றி மாட்டிய ஒரு உலோக வளையம் சொன்னது.

இனி எப்படி எழுதலாம்?

வண்ணக் கொடிகளும் கழுத்துப் பட்டைகளும் வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டிய வரித்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் தூரத்திலிருந்தே படித்திருக்கிறார்கள். பறவை சாக வேண்டாம், யாரும் குற்றவாளி ஆகவும் வேண்டாம். கேமரா வைத்திருக்கும் எவரும் அந்த 'யாரோ ஒருவர்' ஆகலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் கேமரா இருப்பவர்கள் பார்க்கும் ஏரிகள் மட்டும் வரைபடத்தில் வரும் என்ற புதுச் சாய்வும் இதோடு வரும். மாடு மேய்ப்பவரின் ஏரி மறுபடி வெற்றிடம்.

அதனால் இந்தத் துறையைப் பற்றி எழுதுபவர்களிடம் என் வேண்டுகோள் சின்னது. பறவை வந்த தூரத்தோடு, தகவல் வந்த வழியையும் எழுதுங்கள். வலை விரித்தவர் பெயரை எழுதுங்கள். வளையம் கிடைத்தால் என்ன செய்வது என்பதைத் தமிழில், தெலுங்கில், ஏரிக்கரை மொழியில் சொல்லுங்கள்: உயிரோடு இருக்கும் பறவையின் வளையத்தைக் கழற்றாதீர்கள், எண்ணைக் குறித்து, முடிந்தால் படம் எடுத்து, தேதி, இடம், உயிரோடா செத்தா என்ற விவரத்தோடு மும்பையிலிருக்கும் கழகத்துக்கு அனுப்புங்கள். தகவல் சொல்பவரைக் குற்றவாளி ஆக்க மாட்டோம் என்று வனத்துறையும் வெளிப்படையாகச் சொல்லட்டும்.

அந்தப் பெரியவரை அப்புறம் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல ஒரு பதில் வைத்திருக்கிறேன். "ஐயா, இந்த உள்ளானை யாரும் பாக்கல. இதே ஜாதி உள்ளான் சிலதை வடக்கே பாத்திருக்காங்க, எழுதிப் போட்டாங்க. அதை வெச்சு இதுவும் அங்கேர்ந்துதான் வந்திருக்கும்னு நினைக்கிறோம். நீங்க தினமும் இங்க இருக்கீங்க. எதுக்காவது கால்ல வளையம், கொடி இருந்தா எனக்குச் சொல்லுங்க."